ஆற்றைத் தெரிந்தவரே ஆலையை நடத்த வேண்டும்

(நீர்த்துறைப் பணியாளர் பயிற்சி குறித்து ரவாங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2020 செப்டம்பர் 3ஆம் நாளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இதே ரவாங்கில் ஓடும் சுங்கை கோங்கில் கழிவு கலந்தது. சுங்கை கோங் சின்ன ஆறுதான். ஆனால் அது சுங்கை செம்பாவில் விழுகிறது. சுங்கை செம்பா சிலாங்கூர் ஆற்றில் விழுகிறது. வாடை ஆற்றோடு இறங்கியதும் சுங்கை சிலாங்கூர் முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம், ரந்தாவ் பாஞ்சாங் ஆகிய நான்கு சுத்திகரிப்பு நிலையங்களையும் நிறுத்த வேண்டியதாயிற்று. கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான், ஷா ஆலாம், கோம்பாக், கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், கோல லங்காட் என்று 1,292 பகுதிகளில் குழாய் வறண்டது. ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகள். ஒரு கணக்கு என்றால் ஒரு வீடு, ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம். கை கழுவுங்கள், கை கழுவுங்கள் என்று வானொலியும் தொலைக்காட்சியும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த கொரோனா காலம் அது. தண்ணீர் லோரியின் பின்னால் வாளியோடு வரிசையில் நின்றவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். அடுத்த மாதமே, அக்டோபரில், சிலாங்கூர் ஆற்றில் மறுபடியும் வாடை வந்தது. அதே நிலையங்கள் மறுபடியும் நின்றன.

அப்போது எல்லாரும் கேட்ட கேள்வி, ஊற்றியது யார் என்பது. நியாயமான கேள்வி. அதை விசாரிக்கக் காவல் துறை இருக்கிறது, சுற்றுச்சூழல் துறை இருக்கிறது, சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. நான் அந்த ஒரு வழக்கைப் பற்றிப் பேச வரவில்லை. ஆற்றின் ஓரத்தில் தொழிற்சாலை நடத்துகிறவர்கள், ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறவர்கள், அதைக் குழாயில் அனுப்புகிறவர்கள், கழிவுநீரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறவர்கள் இத்தனை பேரில் யாருக்கு என்ன தெரியும், அதை அவர்களுக்கு யார், எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு. நீரைக் கையாளும் வேலைக்குப் பொதுவான பயிற்சி போதாது. அந்தந்த நிலையத்துக்கு, அந்தந்த ஆற்றுக்கு, அந்தந்த வேலையாளுக்கு என்று தனியாக வடிவமைத்த பயிற்சி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதைப் பேச ரவாங்கைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்ட ஊர் இது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 1894இல் சீனத் தொழிலதிபர் லோக் யூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் இங்கே ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கியை வைத்தார்கள். எதற்கு வைத்தார்கள்? விளக்கெரிக்க மட்டுமல்ல. பம்பு ஓட்ட. மலாயாவில் சுரங்கத்துக்கு மின்சாரப் பம்பை முதலில் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பத்துமலைக் கோயிலுக்கும் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலுக்கும் தம்புசாமிப் பிள்ளையை நினைக்கிறோம். இதற்கும் நினைக்க வேண்டும். அந்தப் பம்பு ஒரு மழை இரவில் நின்றுபோனால் சுரங்கம் என்ன ஆகும், உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தை வாங்கினவர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று எண்ணெய் விட்டு, சத்தத்தைக் கேட்டு, ராத்திரி முழுக்க ஓட்டினவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றும் அப்படித்தான். புதிய சுத்திகரிப்பு நிலையம் திறந்தால் எத்தனை கோடி வெள்ளி, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று செய்தி வருகிறது. அதை இயக்கப் போகிறவர்கள் எத்தனை மாதம் பயிற்சி பெற்றார்கள் என்று நான் இதுவரை எந்த நாளிதழிலும் படித்ததில்லை.

ஒரு நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

பிற்பகலில் கோல குபு பாரு மலைப்பக்கம் இடியோடு மழை கொட்டுகிறது. அந்தக் கலங்கல் ஆற்றோடு இறங்கி நிலையத்தின் வாயிலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். கலங்கலை அளக்கும் என்டியு கணக்கில் காலையில் ஐம்பது காட்டிய நீர், இரவில் ஆயிரத்தைத் தாண்டலாம். குழாயில் போகிற நீரில் கலங்கல் 5 என்டியுவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் சுகாதார அமைச்சின் அளவு. அப்போது இரவு ஷிப்டில் இருக்கும் ஒருவர் ஜார் டெஸ்ட் என்ற சோதனையைச் செய்கிறார். ஆறு கண்ணாடிப் பீக்கர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் ஆற்று நீர். ஒவ்வொன்றிலும் படிக்காரக் கரைசலை முந்தியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விடுகிறார். மேலே ஆறு துடுப்புகள். ஒரு நிமிடம் வேகமாகச் சுழல விடுகிறார். பிறகு பதினைந்து, இருபது நிமிடம் மெதுவாக. மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பஞ்சுத் துணுக்குகள்போலத் திரள்வதைப் பக்கத்தில் குனிந்து பார்க்கிறார். துடுப்பு நின்றதும் எந்தப் பீக்கரில் திரள் வேகமாக அடியில் இறங்குகிறது, எதில் மேல்நீர் கண்ணாடியாய்த் தெளிகிறது என்று பார்த்து, அந்த அளவைத்தான் பெரிய தொட்டிக்கு வைக்கிறார்.

அளவு கூடிவிட்டால் நீரில் அமிலத்தன்மை ஏறும். அலுமினியம் மிச்சம் தங்கும். அதற்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு உண்டு. குறைந்துவிட்டால் கலங்கல் வடிகட்டிக்குப் போய் மணற்படுகையை அடைக்கும். அடைத்தால் நீரைத் தலைகீழாகச் செலுத்திக் கழுவும் பேக்வாஷ். பேக்வாஷ் அடிக்கடி செய்தால் உற்பத்தி குறையும், நீர்த்தொட்டியின் மட்டம் இறங்கும், காலையில் மேட்டுப் பகுதியில் இருக்கும் தாமான் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது. இரவு இரண்டு மணிக்கு ஒரு மனிதர் ஆறு பீக்கரைப் பார்த்து எடுக்கும் முடிவு இத்தனை தூரம் போகிறது.

இதை வகுப்பில் கற்றுக்கொடுக்கலாமா? கொள்கையைக் கற்றுக்கொடுக்கலாம். படிக்காரம் ஏன் மண்ணைத் திரட்டுகிறது என்று பலகையில் எழுதிக் காட்டலாம். ஆனால் சிலாங்கூர் ஆற்று நீர் மழைக்குப் பிறகு எப்படி நடந்துகொள்கிறது, மேலே மணல் தோண்டினால் எப்படி மாறுகிறது, நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழையில் என்ன நிறம் காட்டுகிறது என்பது அந்த ஆற்றின் பக்கத்தில்தான் தெரியும். லங்காட் ஆற்றுக்கு இதே பாடம் அப்படியே பொருந்தாது. அங்கே வேறு தொல்லை, அம்மோனியா. 2014 தொடக்கத்தில் செராஸ் பத்து 11, புக்கிட் தம்போய் நிலையங்கள் நின்றது அதனால்தான். அம்மோனியா குளோரினைத் தின்றுவிடும். நீரில் ஒரு மில்லிகிராம் அம்மோனியா இருந்தால் அதைத் தீர்க்கவே எட்டு, பத்து மில்லிகிராம் குளோரின் செலவாகும். அதற்கு மேல் விட்டால்தான் கிருமியைக் கொல்ல ஏதாவது மிஞ்சும். லங்காட்டில் வேலை செய்கிறவருக்கு இந்தக் கணக்கு தூக்கத்திலும் வர வேண்டும். ரவாங்குக்குக் கீழே வேலை செய்கிறவருக்கு முதலில் தேவைப்படுவது மூக்கு.

மூக்கு என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. வாடையை அளக்க இன்றும் மனித மூக்கைத்தான் நம்புகிறோம். மாதிரி நீரை வாடையில்லாத நீரோடு பல விகிதங்களில் கலந்து, குடுவைகளில் சூடாக்கி, மூடியைத் திறந்து ஒவ்வொருவராக முகர வேண்டும். எத்தனை மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் வாடை தெரிகிறதோ அதுதான் எண். முகர்கிறவர்களுக்குச் சளி இருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் முன்னால் சிகரெட் பிடித்திருக்கக் கூடாது. வாசனைத் தைலமோ வாசனைச் சோப்போ கையில் இருக்கக் கூடாது. எந்தக் குடுவையில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. ஒரு நிலையத்தை நிறுத்துவதா, திறப்பதா, லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பது இந்த நாலைந்து பேரின் மூக்கில் இருக்கிறது. டீசலுக்கும் தின்னருக்கும் உள்ள வேறுபாட்டை, அழுகிய பாசிக்கும் சாக்கடைக்கும் உள்ள வேறுபாட்டைத் திரும்பத் திரும்ப முகர்ந்து பழகாமல் இந்த வேலைக்கு ஒருவரை அனுப்பக் கூடாது.

இப்போது பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008 ஜனவரி முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் நடப்பில் இருக்கிறது. தகுதி பெற்றவரே குறிப்பிட்ட வேலைகளைச் செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான் அதைக் கண்காணிக்கிறது. பணமும் இல்லாமல் இல்லை. பத்து மலேசியத் தொழிலாளர்களும் அதற்கு மேலும் வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. பயிற்சி நடத்தினால் அதிலிருந்து திரும்பப் பெறலாம்.

குறை எங்கே என்றால், அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முறையில். ஆண்டுக் கடைசியில் லெவி மீதம் இருக்கிறது என்று கணக்குப் பிரிவு சொல்லும். அவசரமாக ஒரு ஹோட்டல் மண்டபம் பிடிப்பார்கள். பம்பு பார்க்கிறவர், ஆய்வுக்கூடத்தில் இருப்பவர், மீட்டர் படிக்கிறவர், கட்டணப் பிரிவில் இருப்பவர் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து இரண்டு நாள் படம் காட்டுவார்கள். படத்தில் இருப்பது ஐரோப்பாவில் உள்ள ஒரு நிலையம். அங்கே குளிர்காலத்தில் குழாய் உறைவதைப் பற்றி ஒரு மணி நேரம். மாலையில் சான்றிதழும் கூட்டுப் புகைப்படமும். அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்கும். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர் வெள்ளிக்கிழமை செய்ததையே செய்வார். இதற்கு நான் பயிற்சி என்று பெயர் வைக்க மாட்டேன்.

சான்றிதழை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வாக்கர்டன் என்று ஓர் ஊர். மக்கள் தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு. நம் ரவாங்கின் ஒரு மூலையில் அடங்கிவிடும். 2000 மே மாதம் பெருமழை பெய்தது. மாட்டுச் சாணம் ஐந்தாம் எண் கிணற்றுக்குள் இறங்கியது. அந்த நீரில் ஈகோலை கிருமி. ஏழு பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். நீதிபதி டெனிஸ் ஓகானர் விசாரித்தார். குளோரின் அளவைத் தினமும் அளந்து எழுத வேண்டிய ஏட்டில், அளக்காமலேயே 0.5, 0.75 என்று எழுதிவைக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக நடந்திருந்தது தெரியவந்தது. பொறுப்பில் இருந்த மேலாளரும் மேற்பார்வையாளரும் சான்றிதழ் வைத்திருந்தார்கள். ஆனால் அது வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதி வாங்கியது அல்ல. நீண்ட நாள் வேலையில் இருந்தார்கள் என்பதற்காகக் கொடுத்தது. ஆண்டுக்கு 40 மணி நேரப் பயிற்சி என்ற விதியும் அங்கே இருந்தது. அது நிறைவேறவில்லை.

எனக்கு இதில் மிகவும் உறைத்தது வேறொன்று. அங்கே வேலை செய்தவர்கள் குளோரின் சேர்க்காத கிணற்று நீரைத் தாங்களும் குடித்துவந்தார்கள். ருசியாக இருக்கிறது, இதில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று உண்மையாகவே நம்பினார்கள். ஊர் மக்களைக் கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஈகோலை என்றால் என்ன, அது என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒன்டாரியோ அரசு அதற்குப் பிறகு 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் கொண்டுவந்தது. 2004இல் அதே வாக்கர்டன் ஊரில் தூய நீர் மையம் என்று ஒரு பயிற்சி நிலையம் எழுந்தது. இன்று அது சிறிய ஊர்களின் நீர் ஊழியர்களுக்கு உண்மையான கருவிகளில் கை வைத்துப் பழகும் பயிற்சியைத் தருகிறது. ஏழு உயிர் போன பிறகு வந்த மையம் அது. நாம் அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சரி, ஒரு நிலையத்துக்கென்று தனியாகப் பயிற்சியை எப்படி வடிவமைப்பது? பயிற்றுநர் முதலில் பாடம் எடுக்கக் கூடாது. போய் உட்கார வேண்டும். மூன்று ஷிப்டிலும் உட்கார வேண்டும், குறிப்பாக இரவு ஷிப்டில். பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். கடந்த ஓராண்டில் எந்த எச்சரிக்கை மணி எத்தனை முறை அடித்தது, அடித்த பிறகு யார் என்ன செய்தார், எந்தத் தாமானிலிருந்து பழுப்பு நீர்ப் புகார் அதிகம் வந்தது, எந்தப் பம்பு அடிக்கடி பழுதானது. பாடத்திட்டம் அந்த ஏட்டிலேயே இருக்கிறது. பிறகு அங்கே நீண்ட நாள் வேலை செய்பவர்களைப் பேசவிட வேண்டும். நான் ஒரு நிலையத்தில் பார்த்த ஒரு பெரியவர், உறிஞ்சும் பம்பின் குழாயில் உள்ளங்கையை வைத்தே உள்ளே குப்பை சேர்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். கருவி அதைக் காட்ட அதற்குப் பிறகும் நேரமாகும். அவருக்கு ஓய்வு வயது நெருங்கியிருந்தது. நம் நாட்டில் தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அவர் போனால் அந்த உள்ளங்கையும் போய்விடும். அவரையே பயிற்றுநராக நிறுத்தினோம். முதல் நாள், "எனக்கு என்ன தெரியும், நான் அஞ்சாம் வகுப்புதான்" என்று கூச்சப்பட்டார். இரண்டாம் நாள் பொறியாளர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி அறிவை இழப்பது நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஆள் வைத்திருந்தார்கள். மடையை எப்போது, எவ்வளவு திறப்பது என்பது அவர்களுக்குத் தலைமுறை அறிவு. அந்த அறிவு குடும்பத்துக்குள் இருந்ததால் குடும்பம் வேறு தொழிலுக்குப் போனதும் பல ஊர்களில் அறுந்துபோயிற்று. ஏட்டில் ஏறாத அறிவுக்கு அதுதான் கதி.

பயிற்சி முடிந்ததும் நன்றாக இருந்ததா என்று ஒரு தாள் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்வது வழக்கம். சாப்பாடு நன்றாக இருந்தால் மதிப்பெண்ணும் நன்றாகத்தான் வரும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இலேயே சொல்லிவிட்டார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, அவர்கள் கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா என்று நான்கு நிலையிலும் பார்க்க வேண்டும். நாம் பெரும்பாலும் முதல் நிலையிலேயே நின்றுவிடுகிறோம். மூன்று மாதம் கழித்துப் பயிற்றுநர் திரும்பிப் போக வேண்டும். ஜார் டெஸ்ட் மழை நாளில் உண்மையிலேயே செய்யப்படுகிறதா? படிக்காரச் செலவு குறைந்திருக்கிறதா? ஒப்பந்தத்திலேயே இதை எழுத வேண்டும். திரும்பி வராத பயிற்றுநருக்கு முழுப் பணம் கொடுக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1971இல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் கடும் வறட்சியைச் சந்தித்தது. ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டே போனால் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. அப்போது விபு நாயர் என்ற ஆட்சிப்பணி அதிகாரியின் முயற்சியில், யுனிசெஃப் துணையோடு, பொறியாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. தொழில்நுட்பப் பயிற்சி அல்ல. கூடம் என்று பெயர். தலைமைப் பொறியாளரும் இளநிலைப் பொறியாளரும் வட்டமாக ஒரே தரையில் உட்கார்ந்து, பதவியைப் பார்க்காமல் பேச வேண்டும். நம் திட்டங்கள் ஏன் தோற்கின்றன, கிராமத்து மக்களை நாம் ஏன் கேட்பதில்லை என்று அவர்களே பேசினார்கள். 2004இல் மறைமலைநகரில் பொறியாளர்கள் கூடி ஓர் உறுதிமொழிப் பிரகடனம் செய்தார்கள். நீராதாரத்தைக் காப்பதும், மக்களோடு சேர்ந்து திட்டம் போடுவதும் எங்கள் வேலை என்றார்கள். அந்த வாரியத்தின் நோய் தொழில்நுட்பத்தில் இல்லை, மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரின் குரல் கேட்காததில் இருந்தது என்று கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற பயிற்சியைக் கொடுத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் நிலையங்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும். இரவு ஷிப்டில் வாடை வருகிறது என்று உணர்கிற இளைஞன், மேலதிகாரியை எழுப்பப் பயந்து காலை வரை காத்திருந்தால், எந்தக் கருவி வாங்கியும் பயனில்லை.

இனி நிலையத்துக்கு வெளியே வருவோம். சுத்தம் செய்த நீரில் தேசிய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது. பெரும்பகுதி கசிவு. சிலாங்கூர் நிலைமை அதைவிட மேல். ஆனாலும் கால் பங்குக்கு மேல் போகிறது. பழைய குழாய் ஒரு காரணம். புதுக் குழாயை ஒழுங்காகப் பொருத்தாததும் ஒரு காரணம். எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்களை மின்சூட்டில் இணைக்கும்போது முனையின் மேல்தோலைச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தில் விரல் படக் கூடாது. வியர்வையும் சேறும் படக் கூடாது. இறுக்கிப் பிடிக்கும் கருவியைப் போட்டு, சூடு ஏற்றி, முழுக்க ஆறும்வரை அசைக்காமல் விட வேண்டும். மழை வருகிறது, சாலையை மூட வேண்டும் என்று அவசரப்பட்டுப் பாதி ஆறும்போதே கழற்றினால், அன்றைய சோதனையில் அது தேறிவிடும்; சில ஆண்டுகளில் நடுச்சாலையில் ஊற்றெடுக்கும். இந்த வேலையைச் செய்வது யார்? குத்தகையாளரின் குத்தகையாளரிடம் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தம்பி, இந்தோனேசியத் தம்பி, நேப்பாளத் தம்பி. அவர்களுக்கு ஆங்கிலத்தில் அச்சடித்த கையேட்டைக் கொடுத்துப் பயனில்லை. குழியோரத்தில், குழாய்த் துண்டை வெட்டி, நல்ல இணைப்பையும் கெட்ட இணைப்பையும் பிளந்து காட்டினால் மொழியே தேவைப்படாது.

கழிவுநீர் வேலையில் பயிற்சி உயிர்ப் பிரச்சினை. மேன்ஹோலுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு ஏறினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். வாடை போய்விட்டது என்று இறங்குகிறவர் விழுவார். அவரைத் தூக்க இறங்குகிற நண்பரும் விழுவார். நம் நாட்டில் இதற்கு 2010இல் நடைமுறை விதி வந்தது. தொழில் பாதுகாப்புக் கழகமான நியோஷ் பயிற்சி தருகிறது. வாயுவை அளக்காமல், வெளியே ஒருவர் காவல் நிற்காமல் இறங்கக் கூடாது. இந்தியாவில் இதைத் தடுக்க 2013இலேயே சட்டம் போட்டும் தமிழ்நாட்டில் இன்றும் நம் இளைஞர்கள் சாக்கடைக் குழியில் சாகிறார்கள். விதியை அறிந்தவருக்கு, முடியாது என்று மறுக்கும் தைரியத்தையும் பயிற்சி கொடுக்க வேண்டும்.

மறுபடி சுங்கை கோங்குக்கு வருகிறேன், ஏனென்றால் என் முக்கியமான வேண்டுகோள் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் நிறுவனத்தின் ஊழியருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் ரவாங்கின் தொல்லை தீராது. ஆற்றுக்கு மேலே தொழிற்சாலையில் கழிவைக் கையாளுகிறவரும் நீர்த்துறை ஊழியர்தான். அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான். 2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளின்படி சுத்திகரிப்பு அமைப்பை நடத்தத் தகுதிச் சான்று பெற்றவர் இருக்க வேண்டும். பாங்கியில் இருக்கும் சுற்றுச்சூழல் துறையின் எய்மாஸ் கழகம் அந்தப் பயிற்சியை நடத்துகிறது. ஆபத்தானவை என்று பட்டியலிட்ட கழிவுகளுக்கு 2005 விதிகள் உண்டு: 180 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது, 20 டன்னுக்கு மேல் சேரக் கூடாது. 2024இல் சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தி, உச்ச அபராதத்தை ஒரு கோடி வெள்ளி வரை ஏற்றிவிட்டார்கள். நல்லது. ஆனால் அபராதம் முதலாளியைத்தான் பயமுறுத்தும். ஞாயிற்றுக்கிழமை மாலை பட்டறையைக் கழுவிவிடும் தொழிலாளிக்கு, தரையில் சிந்திய எண்ணெயை எந்த வடிகாலுக்குத் தள்ளக் கூடாது, அந்த வடிகால் எந்த ஆற்றுக்குப் போகிறது, அந்த ஆற்றில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று யாராவது அவர் மொழியில் சொல்லியிருக்கிறார்களா? அவரை ஒரு நாள் வேனில் ஏற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போய், அந்த வாடைக் குடுவையை முகரச் சொல்லுங்கள். அவர் பட்டறை வாடையை அவரே அதில் கண்டுபிடிப்பார். என் அனுபவத்தில் இதைவிடப் பலன் தந்த பாடம் இல்லை.

இங்கே சிறுதொழில் நடத்தும் நம் தமிழ் முதலாளிகள் சிலர் இருக்கிறீர்கள். நான்கு பேர், ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு லெவியும் இல்லை, பயிற்சிப் பிரிவும் இல்லை. தனித்தனியாக உங்களால் முடியாது என்பது உண்மை. ஒரே தொழிற்பேட்டையில் இருக்கும் பத்துப் பட்டறைகள் சேர்ந்தால் முடியும். செலாயாங் நகராண்மைக் கழகமும், தண்ணீர் நிறுவனமான ஆயர் சிலாங்கூரும், சுற்றுச்சூழல் துறையும் அந்தப் பத்துப் பேரைத் தேடி வர வேண்டும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். நீங்களே கடிதம் எழுதிக் கூப்பிடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை எஸ்பிஎம் தேர்வு முடித்ததும் நீர்த்துறைத் தொழிற்கல்வி என்றால் முகம் சுளிக்காதீர்கள். ஆய்வுக்கூடம், பம்பு, மின்சாரம், குழாய், கணினிக் கட்டுப்பாடு என்று இதில் தகுதிச் சான்றோடு முன்னேற இடம் இருக்கிறது. எந்தக் காலத்திலும் தேவை குறையாத வேலையும்கூட.

நீங்கள் சுத்திகரிப்பு நிலையத்திலோ, தொழிற்சாலையிலோ, குழாய்க் குத்தகையிலோ வேலை செய்கிறவராக இருந்தால், நாளைக் காலை உங்கள் மேலாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நம் இடத்துக்கென்று செய்த பயிற்சி கடைசியாக எப்போது நடந்தது? அடுத்தது எப்போது? தேதி வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.